எல்லைப் பிள்ளைகளும் எட்டு வகைச் சொற்களும்

பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வு நடக்கும் நாட்களில், மாலை நேரத்தில் பாலக்காடு ஜங்ஷனுக்குப் போய்ப் பொள்ளாச்சி மார்க்கத்து வண்டிக்காகக் காத்திருப்போர் பக்கம் சற்று நின்றால் போதும். கொல்லங்கோடு, முதலமடைப் பகுதித் தமிழ் இளைஞர்கள் வினாத்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவதைக் கேட்கலாம். கணக்கில் சண்டை வராது. பொது அறிவிலும் அதிகம் வராது. சண்டையெல்லாம் ஆங்கிலத்தில்தான். "தி டிரெயின் இஸ் ரன்னிங் லேட்" என்று பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வாக்கியம். அதில் "லேட்" என்பது என்ன வகைச் சொல்? "அட்ஜெக்டிவ்தாண்டா, கைடிலேயே போட்டிருக்கு" என்கிறான் ஒருவன். "இல்லை, அட்வெர்ப்" என்கிறான் இன்னொருவன். மூன்றாமவன் பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவன். எதுவும் பேசாமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனைக் கேட்டால், "கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைக் குறிச்சேன்" என்பான். வண்டியோ அன்றும் லேட்டுதான்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் கிளார்க் தேர்வுக்கு வெளியிடும் பாடத்திட்டத்தில் ஆங்கில இலக்கணப் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பட்டியலின் தொடக்கத்திலேயே சொல்வகைகள் நிற்கின்றன. அரை மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் இக்காலத்தில் இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது. வினாத்தாளைத் தமிழில் பெறும் வசதி மொழிச் சிறுபான்மையினருக்கு உண்டு என்பது நல்ல விஷயம். ஆயினும் ஆங்கிலக் கேள்வி ஆங்கிலத்திலேதான் இருக்கும். சித்தூர்த் தாலுக்காவின் கிழக்கெல்லைப் பஞ்சாயத்துகளிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளிலும் தமிழ் வழிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் அதுதான்.

ஏன் விழுகிறார்கள்? அறிவு போதாமையால் அல்ல. சொல்லித்தரும் முறை தலைகீழாக இருப்பதால்தான். "புக் என்றால் நவுன், ரன் என்றால் வெர்ப், குட் என்றால் அட்ஜெக்டிவ்" என்று சொல்லுக்குச் சொல் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் உருப்போட்டு விடுகிறார்கள். பிறகு ரயில்வே கவுண்டரில் "ஐ வான்ட் டு புக் எ டிக்கெட்" என்று ஒருவர் கேட்கும்போது, புக் என்ற அந்த நவுன் எப்படி வினையாகிப் போயிற்று என்று திகைக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லுக்கு நிரந்தர உத்தியோகம் கிடையாது. வாக்கியத்தில் எந்த நாற்காலியில் உட்காருகிறதோ, அந்த வேலையைப் பார்க்கும். இந்த ஒன்றைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்லி என்ன பயன்?

ரயில்வே ஊழியர் வாயில் நாள்தோறும் புழங்கும் "டவுன்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். "டவுன் டிரெயின்" என்றால் எப்படிப்பட்ட வண்டி என்று சொல்கிறது; ஆகவே அது அட்ஜெக்டிவ். "ஹி வென்ட் டவுன்" என்றால் எங்கே போனான் என்று வினையைத் தழுவி நிற்கிறது, அட்வெர்ப். "டவுன் தி ஹில்" என்றால் மலை என்ற பெயரைப் பிடித்துக்கொள்கிறது, ப்ரெபொசிஷன். வாழ்க்கையின் "அப்ஸ் அண்டு டவுன்ஸ்" என்னும்போது பன்மை விகுதியோடு பெயராகவே வந்துவிடுகிறது. தோட்டத் தொழிலாளர் கருவிகளைக் கீழே போட்டு வேலைநிறுத்தம் செய்ததை "தே டவுன்ட் டூல்ஸ்" என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதும். அங்கே அது வினை. ஒரே சொல்லுக்கு ஐந்து வேலை!

இது ஏதோ வெள்ளைக்காரன் மொழிக்கு மட்டுமே உள்ள கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. தமிழில் "மேல்" என்ற சொல் இல்லையா? "மேல் மாடி", "மேலே போனான்", "மேசை மேல் வைத்தான்" என்று மூன்று விதமாக வருகிறது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு பாட்டி "மேலெல்லாம் வலிக்குது" என்றால், அங்கே அது உடம்பு என்ற பெயராகவே ஆகிவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தைகூட இதில் குழம்புவதில்லை. அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டித் தெரியாததைச் சொல்லித் தருவதை விட்டு, எட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வானேன்?

அந்த எட்டுக்கும் ஒரு கதை உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் தியோனீசியஸ் த்ராக்ஸ் என்ற கிரேக்க இலக்கணக்காரர் சொற்களை எட்டாகப் பிரித்தார். அவர் பட்டியலில் ஆர்ட்டிகிள் இருந்தது. அட்ஜெக்டிவ் தனியாக இல்லை, பெயருக்குள்ளேயே அடக்கம். இலக்கணத்தை வாங்கிக்கொண்ட ரோமானியர் மொழியில் ஆர்ட்டிகிளே கிடையாது. ஆனாலும் எட்டு என்ற கணக்கு குறையக்கூடாது என்பதுபோல, ஆ, ஓ என்று வியக்கும் இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டாக்கிக் கொண்டார்கள். ஆங்கில இலக்கணக்காரர் லத்தீனைப் பார்த்து எழுதினார்கள். 1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி கொடுத்த பட்டியல் ஏறக்குறைய இன்றைய பள்ளிக்கூடப் பட்டியல்தான். 1795இல் லிண்ட்லி மர்ரே ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றார். இன்றைய அறிஞர்கள் டிட்டர்மினர் என்று இன்னொரு வகையைத் தனியாகப் பிரிக்கிறார்கள். இந்தியாவில் பல தலைமுறைகள் கையில் வைத்திருந்த ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் 1930களில் வந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். "போ ஜெஸ்ட்" என்ற பிரசித்தி பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. ஆக, எட்டு என்பது வேதவாக்கு அல்ல. மனிதர் வசதிக்குப் போட்டுக்கொண்ட கணக்கு.

தமிழிலோ பெயர், வினை, இடை, உரி என்று நான்கு. தொல்காப்பியர் அந்த நான்கிலும் பெயரையும் வினையையுமே தலையாகக் கொண்டு, மற்ற இரண்டையும் அவற்றைச் சார்ந்து வருபவை என்றார். வடமொழியில் யாஸ்கரும் நான்கு என்றே வகுத்தார். மலையாளத்துக்கு இலக்கணம் செய்த ஏ.ஆர். ராஜராஜவர்மா தமது கேரள பாணினீயத்தில் நாமம், கிரியை, பேதகம் என்று சொல்லி, பெயரையும் வினையையும் சிறப்பிக்கும் சொற்கள் எல்லாவற்றையும் பேதகத்தில் அடக்கினார். எல்லைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த மூன்று கணக்கும் மூன்று வகுப்பில் மூன்று ஆசிரியர் வாயிலாக வந்து சேருகின்றன. பெயர்ச்சொல்லும் நாமமும் நவுனும் ஒன்றே என்று மூவரில் ஒருவரும் சொல்வதில்லை. தமிழாசிரியர் ஆங்கிலத்தைத் தொடமாட்டார். ஆங்கில ஆசிரியர் தமிழைத் தொட மாட்டார், அல்லது அவருக்குத் தமிழே தெரியாது. நடுவில் கிடந்து திண்டாடுவது பிள்ளை.

உண்மையில் இந்த எல்லைப் பிள்ளைகளுக்குத்தான் ஆங்கிலச் சொல்வகை எளிதாக விளங்க வேண்டும். தமிழில் "வந்தான்" என்றால் வந்தவன் ஆண், ஒருவன், படர்க்கை என்று விகுதியே சொல்லிவிடும். மலையாளத்தில் "வந்நு" என்ற அளவில் நின்றுவிடும். அவனா, அவளா, அவர்களா என்பதற்கு முன்னால் ஒரு சொல் வைக்க வேண்டும். தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட வழிகளாக ராஜராஜவர்மா எண்ணிச் சொன்ன ஆறில், இப்படி வினை தன் பால் இட விகுதியை விட்டதும் ஒன்று. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயருக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. வினைக்கும் விகுதிகள் நிறைய இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்தன. "கேம்" என்ற வினை "வந்நு" போலத்தான். அதனால்தான் முன்னால் "ஹி" வேண்டும், "ஷி" வேண்டும். விகுதி போனதும், சொல்லின் வேலையைக் காட்டும் பொறுப்பு முழுவதும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. சென்னையிலோ கோயமுத்தூரிலோ படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் பிடிக்கும். வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசும் வாளையாற்றுப் பிள்ளைக்கும் வண்டிப்பெரியாற்றுப் பிள்ளைக்கும் அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று: ப்ரெபொசிஷன் என்பதைப் பூதம்போலக் காட்டுகிறார்கள். "பாலக்காட்டில்" என்பதில் உள்ள "இல்" என்ன வேலை செய்கிறதோ, அதையேதான் "இன் பாலக்காடு" என்பதில் "இன்" செய்கிறது. தமிழில் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் முன்னால் தனித்து நிற்கும். வேற்றுமை எட்டையும் படித்த பிள்ளைக்குப் புதிதாகச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

"ஐ.என்.ஜி." என்று முடியும் சொற்கள் படுத்தும் பாடு பெரிது. "வெயிட்டிங் பாசெஞ்சர்" என்றால் காத்திருக்கும் பயணி. "வெயிட்டிங் ரூம்" என்றால் காத்திருக்கும் அறையா? அறை யாருக்காகக் காத்திருக்கிறது? அது காத்திருத்தலுக்கான அறை. முன்னது தமிழில் பெயரெச்சம், பின்னது தொழிற்பெயர். இதைத்தான் பார்ட்டிசிபிள் என்றும் ஜெரண்டு என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். தமிழில் "காத்திருக்கும்", "காத்திருத்தல்" என்று உருவமே வேறு; ஆங்கிலத்தில் ஒரே உருவம் இரண்டு வேலைக்கும் வருகிறது. பெயரெச்சமும் தொழிற்பெயரும் தமிழ் வழிப் பள்ளியில் நடத்தப்படுபவைதான். அந்தப் பாடத்தையும் ஆங்கிலப் பாடத்தையும் முடிச்சுப்போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெயர் பெயருக்கு அடையாக வரும் வழக்கத்துக்கு மூணாற்றுப் பிள்ளை எங்கும் போக வேண்டாம். எல்லையோரம் இருக்கும் டாப் ஸ்டேஷன் போதும். மூணாற்று மலையில் ஓடிய குண்டளை ரயில் 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. அந்தப் பாதை வழியாக வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் பக்கம் போன காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். ரயிலும் இல்லை, கம்பிவடமும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. "டாப்" என்பது மற்ற இடத்தில் பெயர். இங்கே ஸ்டேஷனுக்கு அடை. "டீ எஸ்டேட்", "செக்போஸ்ட்" எல்லாம் இதே ஜாதிதான். தோட்டத்தில் "லைன்" என்பது "லயம்" ஆகி, அதில் பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனையோ தலைமுறை. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கிக்கொண்ட பாட்டனுக்கு இலக்கணம் தெரியாது; சொல்லை வேலைக்கு எடுக்கத் தெரிந்திருந்தது.

நிற்க. தேர்வு, மதிப்பெண் என்பதோடு இந்த விஷயம் முடிந்துவிட்டால் இவ்வளவு நீட்டிப் பேச வேண்டியதில்லை. சொல்லின் வேலை தெரியாததால் உரிமையே தெரியாமல் போவதும் உண்டு.

மத்திய சர்க்கார் வேலைக்கும் படிப்புக்கும் வைக்க வேண்டிய ஜாதிச் சான்றிதழ் படிவத்தில், விண்ணப்பதாரரும் அல்லது அவர் குடும்பமும் இன்ன ஊரில் "ஆர்டினரிலி ரிசைட்" என்று ஒரு வரி உண்டு. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் வரி அது. வருஷத்தில் ஆறு மாதம் திருப்பூரில் வேலை செய்யும் மகன் தேவிகுளத்தில் வசிப்பவனா, இல்லையா? "ஆர்டினரிலி" என்பது அட்வெர்ப். வசித்தல் என்ற வினையைத் தழுவி, "வழக்கமாக" என்று சொல்கிறது. "எப்போதும்" என்று சொல்லவில்லை, "இடைவிடாமல்" என்றும் சொல்லவில்லை. படிவத்தின் அடிக்குறிப்பு, 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இச்சொல்லுக்கு உள்ள பொருளே இங்கும் என்கிறது. அப்பிரிவு, தற்காலிகமாக வெளியே போயிருப்பதாலேயே ஒருவர் வழக்கமாக வசிப்பவர் என்ற நிலையை இழக்கமாட்டார் என்கிறது. வெறுமே வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் அந்நிலை வந்துவிடாது என்றும் சொல்கிறது. அதே சட்டம் ஓரிடத்தில் "ஆர்டினரி ரெசிடென்ஸ்" என்று பெயருக்கு அட்ஜெக்டிவை வைக்கிறது. மற்றோரிடத்தில் "ஆர்டினரிலி ரெசிடென்ட்" என்று அட்வெர்பை வைக்கிறது. "ரெசிடென்ட்" என்ற சொல் பிற இடங்களில் வசிப்பவர் என்று பெயராக வரும். இங்கே வசிக்கின்ற என்ற பொருளில் அட்ஜெக்டிவாக நிற்கிறது. ஒரு விகுதியின் வித்தியாசத்தைக் கவனிக்கும் பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், "நீ இங்கேயே இல்லையே" என்று கையை விரிப்பவரிடம் "சட்டம் அப்படிச் சொல்லலையே சார்" என்று கேட்க வாய் வரும்.

1950க்குப் பின் மாநிலம் மாறி வந்தவர்களுக்கு ஜாதிச் சலுகை கிடைப்பதில் உள்ள சிக்கல் தனிக்கதை. அது இலக்கணத்தால் தீராது.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு நடத்திய போராட்டம் நாடறிந்தது. பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர்கள் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது; வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 20இல் போனஸ் 8.33 சதவீதம், மீதி 11.67 சதவீதம் "எக்ஸ் கிரேஷியா". லத்தீன் மொழியிலிருந்து வந்த அந்தத் தொடர் ஆங்கிலத்தில் பணத்துக்கு அடையாக நிற்கிறது. எப்படிப்பட்ட பணம்? தயவால் கொடுக்கும் பணம். கடமையால் கொடுப்பது அல்ல. அதாவது அடுத்த வருஷம் அதை உரிமை என்று கேட்க அந்தச் சொல்லில் இடமில்லை. 20 என்ற எண் எல்லோருக்கும் கேட்டது. அந்த அடைமொழியின் கனத்தை லயத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் எடைபோட்டிருப்பார்கள்? எடைபோட்டுச் சொல்ல எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் தயார்செய்து அனுப்பியிருக்கிறது?

இலக்கணமே வேண்டாம், குழந்தை கேட்டுக் கேட்டுத் தானாகப் பேசும் என்ற ஒரு கட்சி உண்டு. கேரளத்தில் 2007ஆம் ஆண்டின் பாடத்திட்ட வரைவுக்குப் பின் வகுப்பறையில் தனியாக இலக்கணம் நடத்துவது குறைந்து, கதை, உரையாடல், கடிதம் எழுதப் பழக்குவதே முறையாயிற்று. அது நல்ல நோக்கம்தான். பழைய உருப்போடும் முறைக்கு இது எவ்வளவோ தேவலை. ஆயினும் வீட்டில் ஆங்கிலச் செய்தித்தாள் வரும் பிள்ளை கேட்டுப் பழகும். காலை எட்டு மணிக்குள் தாயும் தகப்பனும் கொழுந்து பறிக்கப் போய்விடும் வீட்டுப் பிள்ளை யாரிடம் கேட்டுப் பழகும்? வகுப்பில் இலக்கணத்தை எடுத்துவிட்டார்கள், தேர்வாணையம் எடுக்கவில்லை. இடைவெளியை டியூஷன் சென்டரும் கைடு புத்தகமும் நிரப்புகின்றன. அதற்கும் காசு வேண்டும். அந்தக் கைடிலும் பழைய சீட்டு ஒட்டும் வேலையே நடக்கிறது.

பெற்றோர் பலர் இதற்குப் பயந்தே பிள்ளைகளை ஆங்கில வழிக்கு மாற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை குமாஸ்தா ஆகவேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? ஆனால் அதனால் தமிழ் வழி வகுப்பில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது. பணியிடம் குறைந்தால் இன்னும் நாலு பெற்றோர் பயப்படுகிறார்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று 350ஏ என்ற ஷரத்தை 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்புவரை மலையாளம் கற்பிக்கப்பட வேண்டும் என்று 2017இல் கேரளச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் வாழ்பவர் இந்த மண்ணின் மொழியைப் படிப்பதில் தவறேதுமில்லை, படிக்கத்தான் வேண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று நான்கு மொழியைச் சிறு தோளில் ஏற்றும்போது, நான்கையும் ஒரே கயிற்றில் கட்டித் தூக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். தமிழ் வழிப் பள்ளிகளுக்கென்று மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கவுன்சில் தமிழில் பாடநூல்கள் அச்சிட்டுத்தான் வருகிறது. உயர்நிலை வகுப்பு ஆங்கிலப் பாடத்தோடு ஒரு பத்துப் பக்கம், இந்த ஊர் வாக்கியங்களை வைத்து, பெயர், நாமம், நவுன் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அச்சிட்டால் போதும். அந்தப் பத்துப் பக்கத்தை நடத்தத் தமிழ் அறிந்தவரையே தமிழ் வழிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். காசர்கோட்டில் கன்னடம் தெரியாதவரைக் கன்னட வகுப்புக்குப் போட்டபோது பிள்ளைகளும் பெற்றோரும் தெருவுக்கு வந்து போராடினார்கள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அதே குறை மனுக்களாகவே போய்க்கொண்டிருக்கிறது.

அதுவரை என்ன செய்வது? மாலையில் நூலகத்திலோ சங்கக் கட்டடத்திலோ பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்றவர்களும் எல்லா ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் ஒன்று செய்யலாம். "இது என்ன சொல்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இது இங்கே யாருக்கு வேலை செய்கிறது?" என்று கேட்டுப் பார்க்கட்டும். "ஹி வொர்க்ஸ் ஹார்ட்" என்றால் கடுமையாக உழைக்கிறான். "ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்" என்றால் வேலையே செய்வதில்லை. இரண்டிலும் அது வினைக்குத்தான் வேலை செய்கிறது, இரண்டும் அட்வெர்ப்தான். ஆனால் "எல்.ஒய்." சேர்ந்ததும் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர் இதில் தவறினால் பையன் கதி என்ன ஆகும் என்று ஒருமுறை சொன்னால் வகுப்பு சிரிக்கும், பிறகு மறக்காது.

பாலக்காடு ஜங்ஷன் வழக்குக்கும் இதே கேள்விதான் தீர்ப்பு. "தி டிரெயின் இஸ் லேட்" என்றால் லேட் என்பது வண்டியின் நிலையைச் சொல்கிறது. வண்டி பெயர், ஆகவே அட்ஜெக்டிவ். "தி டிரெயின் இஸ் ரன்னிங் லேட்" என்றால் ஓடுவதைப் பற்றிச் சொல்கிறது. ஓடுதல் வினை, ஆகவே அட்வெர்ப். "லேட்லி" என்று விகுதி சேர்த்தால் தாமதம் என்ற பொருளே போய், அண்மையில் என்றாகிவிடும். இறந்துபோனவர் பெயருக்கு முன் "லேட்" என்று போட்டால் அது காலஞ்சென்ற என்ற அட்ஜெக்டிவ். அவர் எவ்வளவு நேரந்தவறாதவராக இருந்திருந்தாலும் சரி. அன்று வாதாடிய இருவரில் அட்வெர்ப் என்றவன் சொன்னதே சரி. கண்ணை மூடிக்கொண்டு குறித்த மூன்றாமவன் எதைக் குறித்தான் என்பது ரேங்க் லிஸ்ட் வரும்போது தெரியும்.